பன்றிக் கணையத் திட்டு வைத்தால் எந்த மருந்து, எத்தனை காலம்?

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார். மகள் வயிற்றுப் பேரனுக்குப் பதினோரு வயது, டைப் 1 சர்க்கரை, ஒரு நாளைக்கு நான்கு ஊசி. பன்றியின் கணையத்திலிருந்து செல்களை எடுத்து உடம்பில் வைத்தால் இன்சுலினே வேண்டியதில்லை என்று சிங்கப்பூரில் இருக்கும் மகன் சொல்லியிருக்கிறார். "அதற்கு ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணுமாமே, அது என்ன மாத்திரை? மனுஷக் கணையம் வைத்தாலும் அதே மருந்துதானா, பன்றி என்பதால் கூடுதலா? மருந்தே இல்லாமல் செய்ய வழி உண்டா? இப்போதே பணம் கட்டிப் பதிந்து வைக்கலாமா?" இவைதான் அவர் கேட்டவை.

ஆச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பணம் எதுவும் கட்ட வேண்டாம். பன்றித் திட்டு, அதாவது உங்கள் மகன் சொன்ன அந்தக் கணையச் செல் கொத்து, வைக்கும் சிகிச்சைக்கு இந்தியாவிலும் அங்கீகாரம் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. திட்டு கிடைக்காததாலோ வைப்பது கஷ்டம் என்பதாலோ இது தள்ளிப்போகவில்லை. வைத்த திட்டை உடம்பு அழித்துவிடாமல் காக்கக் கொடுக்கும் மருந்துகள்தான் தடை. மதுரையில் சிறுநீரக மாற்று சிகிச்சைப் பிரிவில் பல வருடம் இதே மருந்துகளோடு புழங்கியவன் நான். இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். அதனால் இந்த விஷயத்தை மருந்துப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

கணையத்துக்குள் அங்கங்கே சின்னச் சின்னக் கொத்தாக இருக்கும் செல்களுக்குத்தான் திட்டு என்று பெயர். 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் நுண்ணோக்கியில் கண்டு சொன்னார். ஒரு மனிதக் கணையத்தில் சுமார் பத்து லட்சம் திட்டுகள் உண்டு. எடையில் பார்த்தால் முழுக் கணையத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அதிலுள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலின் சுரக்கின்றன. உங்கள் பேரனின் உடம்பு அந்த பீட்டா செல்களை அன்னியம் என்று தப்பாக நினைத்து அழித்துவிட்டது. மற்றபடி கணையம் நன்றாகவே இருக்கிறது.

பன்றியைத் தேடிப் போனதற்குக் காரணம் இருக்கிறது. பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு அமினோ அமிலம். மாட்டு இன்சுலினில் மூன்று. மனித இன்சுலினை ஆய்வகத்தில் தயாரிக்கத் தொடங்குவதற்கு முன்னால் நம் ஊர்க்காரர்கள் போட்டுக்கொண்டதெல்லாம் மாட்டு இன்சுலினும் பன்றி இன்சுலினும்தான். ஆகவே "பன்றியா!" என்று மனசு தயங்கினால், உங்கள் தலைமுறையில் எத்தனையோ பேர் அதை ஊசியில் ஏற்றிக்கொண்டு பிழைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விலங்கின் கணையத்தை மனிதருக்கு வைத்துப் பார்த்ததும் நேற்று நடந்ததல்ல. இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு 28 வருடம் முன்பே, 1893-ல், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் சர்க்கரை நோயால் சாகக் கிடந்த 15 வயதுப் பையனுக்கு ஒரு மருத்துவர் ஆட்டுக் கணையத் துண்டுகளைத் தோலுக்கு அடியில் வைத்தார். மூன்று நாளில் பையன் இறந்துபோனான். எதிர்ப்பாற்றல் என்று ஒன்று அதை அழிக்கும் என்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

சரி, முதலில் மனிதத் திட்டைப் பற்றிச் சொல்கிறேன். அது புரிந்தால்தான் பன்றிக்கு ஏன் கூடுதல் மருந்து என்பது புரியும்.

இறந்தவர் தானமாகக் கொடுத்த கணையத்தை ஒரு நொதியில் கரைத்துத் திட்டுகளை மட்டும் பிரித்தெடுப்பார்கள். பிறகு கல்லீரலுக்குள் போகும் போர்ட்டல் சிரை என்ற பெரிய ரத்தக் குழாயில் மெதுவாக இறக்கிவிடுவார்கள். வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. திட்டுகள் போய்க் கல்லீரலில் தங்கிவிடும். இதைச் சாத்தியம் என்று உலகத்துக்குக் காட்டியது கனடாவின் எட்மன்டன் நகரக் குழு. 2000-ல் அவர்கள் வெளியிட்ட முடிவில், சிகிச்சை பெற்ற ஏழு பேருமே இன்சுலின் ஊசியை நிறுத்தியிருந்தார்கள். அவர்களுடைய புதுமை மருந்துத் திட்டத்தில்தான் இருந்தது. அதுவரை எல்லோரும் ஸ்டீராய்டு கொடுத்து வந்தார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். எட்மன்டனில் அதை அடியோடு தவிர்த்துவிட்டு டாக்ளிசுமாப் ஊசி, சிரோலிமஸ் மாத்திரை, குறைந்த அளவில் டாக்ரோலிமஸ் என்று மூன்றைச் சேர்த்தார்கள்.

அந்த முடிவு வந்தபோது எங்களுக்கெல்லாம் அப்படியொரு மகிழ்ச்சி. அப்புறம் 2006-ல் பல நாடுகளில் 36 பேருக்கு அதே முறையைச் செய்து பார்த்த முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்து 16 பேர் இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். இரண்டாவது வருட முடிவில் அந்த 16 பேரில் மிஞ்சியவர்கள் 5 பேர். இன்சுலின் மறுபடி தேவைப்பட்டவர்களில் பலருக்கும், திடீரென்று சர்க்கரை இறங்கி மயங்கி விழுவது மட்டும் நின்றிருந்தது. அந்த லாபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சர்க்கரை இறங்குவது தெரியாமலே தூக்கத்தில் உயிர் போகிற ஆபத்தில் இருப்பவர்களுக்கு அது மறுபிறவி.

இனி அந்த மாத்திரைகள்.

டாக்ரோலிமஸ் 1984-ல் ஜப்பானின் ட்சுகுபா பகுதி மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்டது. இன்றைக்கு சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் விழுங்குகிறார்கள். டி செல் என்னும் வெள்ளணுக்கள் பெருகுவதற்கான உத்தரவை உள்ளேயே நிறுத்திவிடுகிறது. வேலை கச்சிதம், ஆனால் விலை உண்டு. கை நடுங்கும், ரத்த அழுத்தம் ஏறும், வருடக் கணக்கில் சாப்பிட்டால் சிறுநீரகத்தையே தேய்க்கும். எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று, அது பீட்டா செல்லையே பாதிக்கிறது, இன்சுலின் சுரப்பைக் குறைக்கிறது. சர்க்கரையே இல்லாதவர்கள் சிறுநீரகம் மாற்றிக்கொண்டு இந்த மருந்தைத் தொடங்கிய சில மாதத்தில் சர்க்கரை நோயாளி ஆவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சர்க்கரையைக் குணமாக்க வைத்த திட்டைக் காப்பாற்ற, சர்க்கரையை வரவழைக்கும் மருந்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதிலும் திட்டுகள் உட்காரும் இடத்தைப் பாருங்கள். விழுங்கிய மாத்திரை குடலிலிருந்து உறிஞ்சப்பட்டதும் முதலில் போவது அதே போர்ட்டல் சிரைக்குத்தான். கையில் எடுத்த ரத்தத்தில் மருந்து அளவு சரியாகத் தெரிந்தாலும், கல்லீரலில் திட்டுகளைச் சுற்றி அது இன்னும் அடர்த்தியாக இருக்கும்.

சிரோலிமஸ் ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து வந்தது. அந்தத் தீவின் பூர்வீகப் பெயர் ராப்பா நூய். மருந்தின் இன்னொரு பெயரான ராப்பாமைசின் அதிலிருந்து பிறந்தது. இதைக் கண்டெடுத்தவர் சுரேந்திர நாத் சேகல், இந்தியாவில் பிறந்து கனடாவுக்குப் போன விஞ்ஞானி. அவர் வேலை பார்த்த மான்ட்ரியல் ஆய்வகத்தை நிறுவனம் மூடியபோது, அந்த நுண்ணுயிரைப் பொட்டலம் கட்டி வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். 1999-ல் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் கிடைத்தது. அவருடைய பிடிவாதத்தால் இன்று பிழைத்திருப்பவர்கள் ஏராளம், அவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். சிரோலிமஸ் சிறுநீரகத்தை டாக்ரோலிமஸ் அளவுக்குப் படுத்தாது. ஆனால் வாயெல்லாம் புண், கொழுப்பு ஏறுவது, காயம் ஆறத் தாமதம் என்று அதற்கும் தொல்லைகள் உண்டு. புதிதாக வைத்த திட்டுக்கு ரத்தக் குழாய் முளைப்பதையும் அது மந்தமாக்குகிறது.

இந்த மருந்தோடு வாழ்வது எப்படி இருக்கும் என்பதற்கு, கல்லல் பக்கத்தில் சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒருவரின் தினசரியைச் சொல்கிறேன். காலை எட்டு மணி, இரவு எட்டு மணி. கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் பஸ்ஸில் இருந்தாலும் அந்த நேரத்துக்குக் காப்ஸ்யூல் உள்ளே போயாக வேண்டும். மருந்து அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் வந்து, ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எட்மன்டன் முறையில் அந்த எண் ஒரு மில்லி ரத்தத்தில் 3 முதல் 6 நானோகிராமுக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் உறுப்பு போகும், கூடினால் சிறுநீரகம் கெடும். அவர் வீட்டுக் கொல்லையில் பம்ப்ளிமாஸ் மரம் இருக்கிறது. பழத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார், ஒரு சுளை வாயில் வைக்க மாட்டார். அந்தப் பழம் டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். காளான் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோல் மாத்திரையும் அப்படித்தான். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் நேர்மாறாக அளவைத் தரைக்கு இறக்கிவிடும். நம் நாட்டில் காசநோய்க் கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் ஆட்கள் நிறைய. எதிர்ப்பாற்றலை அடக்கினால் அது விழித்துக்கொள்ளும். அதற்கு மருந்து கொடுத்தால் உறுப்பைக் காக்கும் மருந்து வீணாகும். வெளிநாட்டு அறிக்கைகளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும், நமக்கோ இது பெரிய தலைவலி. தண்ணீரைக் கூட, ஊருணித் தண்ணீரோ கேன் தண்ணீரோ, கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார் அவர்.

இவ்வளவும் மனித உறுப்புக்கு. பன்றி என்றால் ஏன் இன்னும் கூடுதல்?

முதல் தாக்குதல் சில நிமிடங்களில் தொடங்கிவிடும். திட்டுகள் ரத்தத்தில் இறங்கியதுமே, தன் இடத்தில் இல்லாத செல் ரத்தத்துக்குள் வந்துவிட்டது என்று ரத்தம் உறையத் தொடங்கும். காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் செல் சுவரில் ஓட்டை போடும். மனிதத் திட்டுக்கும் இது நடக்கும், பன்றித் திட்டுக்கு இன்னும் கடுமை. காரணம், ஆல்ஃபா-கால் என்ற ஒரு சர்க்கரைத் துணுக்கு பன்றி செல்லின் மேல் இருக்கிறது, நம்மிடம் இல்லை. அதற்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது அன்னியத்தைத் தேடிப் பிடிக்கும் புரதம், நம் எல்லோருடைய ரத்தத்திலும் பிறந்த சில மாதத்திலேயே உருவாகிவிடும். இந்தத் தாக்குதலை மாத்திரை தடுக்காது. ரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின், காம்ப்ளிமென்ட்டைக் கட்டும் மருந்து, வீக்கத்தை அடக்கும் அடாலிமுமாப் அல்லது எட்டானர்செப்ட் என்று முதல் நாளே வேறு ஒரு படை வேண்டும். அப்படியும் பாதிக்கு மேல் இழப்பு வரக்கூடும் என்பதால் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கிறது. மனிதத் திட்டு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 10,000 போதும். குரங்குகளுக்குப் பன்றித் திட்டு வைத்தவர்கள் கிலோவுக்கு 50,000 முதல் 1,00,000 வரை வைத்தார்கள். பன்றித் திட்டு மனிதத் திட்டை விடக் குறைவாக இன்சுலின் சுரப்பதும் குரங்குக்குத் தேவை அதிகம் என்பதும் இதில் சேரும். மனிதருக்கு அவ்வளவு தேவைப்படாமல் போகலாம்.

முதல் நாளைத் தாண்டினால் டி செல்கள் வரும். இங்கே பழைய மருந்துகள் பன்றியிடம் தோற்றுவிடுகின்றன. டாக்ரோலிமஸை நம்பி மட்டும் வைத்தால் பன்றித் திட்டு நிற்பதில்லை. சேதி சொல்லும் வழியையே மறிக்கும் வேறு வகை மருந்து தேவைப்பட்டது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டி செல் தாக்கத் தொடங்க இரண்டு சம்மதம் வேண்டும், பேங்க் லாக்கருக்கு நம் சாவியும் மேனேஜர் சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கிற மாதிரி. அன்னியப் பொருளை அடையாளம் காண்பது முதல் சாவி. அதைக் காட்டிக்கொடுத்த செல், "ஆமாம், இது ஆபத்துதான்" என்று கைகோத்து உறுதி சொல்வது இரண்டாவது சாவி. டி செல்லின் மேலிருக்கும் சி.டி.154 என்ற புரதமும் எதிர்ச் செல்லிலிருக்கும் சி.டி.40 என்ற புரதமும் பிணைவது அந்த இரண்டாவது சாவியில் முக்கியமான பகுதி. அந்தப் பிணைப்பை ஒரு ஆன்டிபாடி ஊசியால் தடுத்தால், டி செல் அன்னியத்தைப் பார்த்தும் ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும்.

இது வேலை செய்தது. 2006-ல் மினசோட்டா பல்கலைக்கழகக் குழு குரங்குகளுக்குப் பன்றித் திட்டு வைத்து, சி.டி.154-ஐத் தடுக்கும் ஊசியோடு பாசிலிக்சிமாப், எவரோலிமஸ், ஃபிங்கோலிமோட், லெஃப்லுனோமைடு என்று எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்னும் நான்கு மருந்துகளும் கொடுத்து, நூறு நாளுக்கு மேல் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தது. அதே வருடம் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகக் குழு பன்றிக் குட்டியின் திட்டைக் கொண்டு இதேபோல் செய்து காட்டியது. 2009-ல் பிட்ஸ்பர்க்கில், மனிதப் புரதம் ஒன்றைச் சேர்த்து வளர்த்த பன்றியின் திட்டு ஒரு குரங்கில் 396 நாள் நின்றது. 2015-ல் தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகக் குழு 603 நாள் வரை போனதாக அறிவித்தது. அவர்கள் கொடுத்த பட்டியலைப் பாருங்கள். முயலிலிருந்து எடுக்கும் ஏ.டி.ஜி. ஊசியால் டி செல்களை முதலில் வழித்தெடுத்தார்கள். நல்லபாம்பு விஷத்திலிருந்து எடுத்த ஒரு புரதத்தால் காம்ப்ளிமென்ட்டைக் காலி செய்தார்கள். அடாலிமுமாப் கொடுத்தார்கள். சி.டி.154-ஐத் தடுத்தார்கள். அதற்கு மேல் சிரோலிமஸ். ஐந்து பக்கமும் அடைத்துவிட்டுத்தான் அந்த 603 நாள் கிடைத்தது. அதை அப்படியே பதினோரு வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பதை நினைத்துப் பார்க்கவே எனக்கு மனசு வரவில்லை.

ஆனாலும் இந்தக் கதையில் எனக்கு நிஜமான நம்பிக்கை தருவது அந்த சி.டி.154 ஊசிதான். அதன் முதல் வடிவத்தை மனிதரில் சோதித்தபோது ரத்தக் கட்டிகள் உண்டாகி, 1999-ல் நிறுத்த வேண்டியதாயிற்று. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களிலும் சி.டி.154 இருக்கிறது. ஊசியின் வால்பகுதி தட்டணுக்களைப் பிடித்து இழுத்து உறையச் செய்தது. குரங்கில் இவ்வளவு நன்றாக வேலை செய்த மருந்து மனிதருக்கு ஆகாது என்று பல வருடம் மூலையில் கிடந்தது. பிறகு அந்த வால்பகுதியை மாற்றி வடிவமைத்தார்கள். டெகோப்ரூபார்ட் அந்த வகை. 2024-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்ரோலிமஸே இல்லாமல், இந்த மருந்தை மையமாக வைத்து, மனிதத் திட்டு பெற்ற முதல் மூன்று பேரில் இரண்டு பேர் இன்சுலினை நிறுத்தினார்கள். மூன்று பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் பீட்டா செல்லைப் பாதிக்கும் மருந்தை விலக்கியும் திட்டு நின்றதே, அதுதான் பெரிது. மனிதத் திட்டில் இது உறுதியானால் பன்றிக்கும் கதவு திறக்கும்.

பன்றித் திட்டை மனிதருக்கு வைத்ததில்லையா என்றால், வைத்திருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் பத்து பேருக்கு, பிறக்காத பன்றிக் குட்டியின் திட்டுகளை வைத்தார்கள். எல்லோருமே சிறுநீரக மாற்றுக்காக எப்படியும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுக்க வேண்டியவர்கள். புது ஆபத்து எதையும் அதிகம் சுமத்தாமல் சோதிக்க அது நேர்மையான வழி. நான்கு பேரின் சிறுநீரில் பன்றியின் சி-பெப்டைடு, அதாவது பன்றி செல் உயிரோடு இன்சுலின் சுரந்ததற்கான அடையாளம், 200 முதல் 400 நாள் வரை தெரிந்தது. ஆனால் ஒருவருக்கும் இன்சுலின் தேவை குறையவில்லை. உயிரோடு இருப்பது வேறு, போதிய அளவு வேலை செய்வது வேறு.

மருந்தைக் குறைக்க இன்னொரு வழி பன்றியையே மாற்றுவது. அந்த ஆல்ஃபா-கால் சர்க்கரையை உண்டாக்கும் மரபணுவை நீக்கிய பன்றிகள் 2000-களின் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டன. இப்போது அதோடு அதைப் போன்ற இன்னும் இரண்டு சர்க்கரைத் துணுக்குகளையும் நீக்கி, மனிதப் புரதங்களைச் சேர்த்து வளர்க்கிறார்கள். பன்றியின் மரபணுவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் வைரஸ் ஒன்று மனித செல்லுக்குத் தொற்ற முடியும் என்று 1997-ல் ஆய்வகத்தில் காட்டினார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கிய உடம்பில் அது பரவினால் என்னாகும் என்ற பயத்தில் பல ஆய்வுகள் நின்றன. 2017-ல் அந்த வைரஸ் துண்டுகளைச் செயலிழக்கச் செய்த பன்றிகளை உருவாக்கிவிட்டார்கள். அண்மையில் அமெரிக்காவில் பன்றிச் சிறுநீரகம் பெற்றவர்களில் சிலருக்கு இப்படி மாற்றிய பன்றிகளிலிருந்து எடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்கு 271 நாள் வேலை செய்த பிறகு 2025 அக்டோபரில் அதை எடுக்க வேண்டியதாயிற்று. மரபணு மாற்றமும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

மருந்தே இல்லாமல் முடியுமா என்று கேட்டீர்களே, அதற்கு இரண்டு பாதைகள். ஒன்று பழையது. திட்டைப் பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற கூழில் பொதிந்து வைப்பது. சர்க்கரையும் இன்சுலினும் உள்ளே வெளியே போகும், வெள்ளணு நுழையாது. நம் மண்டபம், ராமேஸ்வரம் கடற்கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளில் ஆல்ஜினேட் எடுக்கும் பாசியும் உண்டு. நியூசிலாந்தில் 1996-ல் ஒருவருக்கு இப்படிப் பொதிந்த பன்றித் திட்டை, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து இல்லாமல் வைத்தார்கள். ஒன்பதரை வருடம் கழித்துப் பார்த்தபோது சில திட்டுகள் இன்னும் உயிரோடு இருந்தன. ஆனால் அவர் இன்சுலின் போட்டுக்கொண்டுதான் இருந்தார். கூழைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்துவிடுகிறது, உள்ளே பிராணவாயு போதாமல் செல்கள் மெலிகின்றன. இது இன்னும் தீராத பிரச்சினை.

இரண்டாவது பாதை புதியது. 2025-ல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், ஸ்வீடனின் உப்சாலாவில், இறந்தவர் தந்த மனிதத் திட்டின் மரபணுவைத் திருத்தி, எதிர்ப்பாற்றலின் கண்ணுக்குப் படாதபடி செய்து, டைப் 1 உள்ள ஒருவரின் முன்கைத் தசையில் வைத்தார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. 12 வாரம் கழித்தும் அந்த செல்கள் இன்சுலின் சுரந்துகொண்டிருந்தன. வைத்தது சிறிய அளவு என்பதால் அவர் ஊசியை நிறுத்தவில்லை. ஒரே ஒரு ஆள்தான், ஆனால் நான் இதுவரை படித்தவற்றில் உங்கள் பேரனுக்கு மிகவும் பொருத்தமான திசை இது. எதிர்ப்பாற்றலை ஏமாற்றும் இதே திருத்தத்தைப் பன்றித் திட்டிலும் செய்ய முயல்வார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

அதே 2025-ல் வந்த இன்னொரு முடிவையும் சொல்ல வேண்டும். எந்த வகைச் செல்லாகவும் மாற்றக்கூடிய மூல செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த திட்டுகளை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடம் கழித்து ஊசி இல்லாமல் இருந்தார்கள். அருமையான முடிவு. ஆனால் அந்த ஆய்வில் இருவர் இறந்தும் போனார்கள், அதில் ஒருவர் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளையுறையில் தாக்கி இறந்தார். எதிர்ப்பாற்றல் அடங்கிய உடம்பில்தான் அந்தப் பூஞ்சை இப்படி ஆடும். திட்டு நன்றாக வேலை செய்தாலும் மருந்து ஆளைக் கொல்லலாம் என்பதால்தான் நான் மருந்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்படியானால் இன்றைக்கு இது யாருக்கு? 2023-ல் அமெரிக்கா லான்டிட்ரா என்ற மனிதத் திட்டு சிகிச்சையை அங்கீகரித்தபோதும், நல்ல சிகிச்சையிலும் கடுமையாகச் சர்க்கரை இறங்கிக்கொண்டே இருக்கும் பெரியவர்களுக்கு மட்டும்தான் அனுமதித்தது. வேறு உறுப்புக்காக ஏற்கனவே இந்த மருந்தில் இருப்பவர்களுக்கும் கணக்கு சரியாக வரும், அவர்களுக்குக் கூடுதல் விலை அதிகமில்லை. பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. நிணநீர் செல்களைத் தாக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸை இன்னும் சந்திக்காத வயதில் இந்த மருந்துகளைத் தொடங்கினால் நிணநீர்ப் புற்று வரும் ஆபத்து பெரியவர்களை விடக் கூடுதல். எதிர்ப்பாற்றலை அடக்கும் பெலாட்டாசெப்ட் என்ற நல்ல ஊசியை அந்த வைரஸ் வராதவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. தட்டம்மை, சின்னம்மை மாதிரி உயிருள்ள தடுப்பூசிகளைப் பிறகு போட முடியாது. அறுபது வருடம் வாழப்போகிற பிள்ளை ஊசியை விட்டுவிட்டு, அறுபது வருடம் சிறுநீரகத்தைத் தேய்க்கும் காப்ஸ்யூலை எடுத்துக்கொள்வது நல்ல பேரம் இல்லை.

இன்னொன்று, மகள் வீட்டில் யாராவது "சொந்தத்தில் யாராவது கணையத்தில் பாதி கொடுத்தால்?" என்று கேட்கக்கூடும். மினசோட்டாவில் ஒரே மரபணு கொண்ட இரட்டையர்களிடையே கணையத் துண்டை மாற்றி, மருந்து கொடுக்காமல் விட்டார்கள். அச்சு அசல் அதே திசு. அதையும் உடம்பு அழித்துவிட்டது, சர்க்கரை திரும்பிவிட்டது. முதலில் பீட்டா செல்லை அழித்த அந்த வெள்ளணுக்கள் மறப்பதே இல்லை. ஆகவே யாருடைய திட்டானாலும் இந்தப் பையனுக்கு அந்தப் பழைய பகையையும் அடக்கியாக வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது, நாளைக்கு நல்ல வழி வரும்போது அவன் உடம்பு தயாராக இருக்கும்படி வைத்திருப்பது. சிறுநீரகம் பழுதானவருக்கு டாக்ரோலிமஸ் வகை மருந்து கொடுக்க யோசிப்பார்கள். அதனால் சர்க்கரைக் கட்டுப்பாடும் வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற சோதனையும் அவசியம். விட்டுப்போன தடுப்பூசிகளை இப்போதே போட்டுவிடுங்கள். முடிந்தால் தோலில் ஒட்டும் சென்சார் வாங்கிக் கொடுங்கள், இரவில் சர்க்கரை இறங்கினால் அது சத்தம் போட்டு எழுப்பும். சித்திரை வெயிலில் இன்சுலினை அலமாரியில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் நடுத்தட்டில் வையுங்கள், உறைய விடாதீர்கள். கல்யாண வீட்டில் கவுனி அரிசியும் கந்தரப்பமும் வைத்தால் பிள்ளையைப் பார்க்க வைத்துவிட்டு எடுத்துப் போகாதீர்கள். அளவாகக் கொடுத்துவிட்டு, அதற்கு எத்தனை யூனிட் என்று அவனையே கணக்குப் போடப் பழக்குங்கள்.

யாராவது மூல செல், பன்றி செல் என்று சொல்லிப் பணம் கேட்டு வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உங்கள் பதிவு எண் என்ன? எதிர்ப்பாற்றலை அடக்க எந்த மருந்து, என்ன அளவில், எத்தனை காலம் என்று எழுத்தில் தர முடியுமா? தொற்று வந்தால் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு? நம் நாட்டு மருத்துவ ஆய்வு நெறிமுறைகளின்படி சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டாலே எழுந்து வந்துவிடலாம். மகன் அனுப்பிய செய்தியில் எந்த மருத்துவமனை, எந்த மருந்து என்று பெயர் இருந்தால் எனக்கு அனுப்புங்கள் ஆச்சி, படித்துவிட்டுச் சொல்கிறேன்.